‘ஒங்களுக்குத் தெரியாமலா?’ – டீச்சரிடம் கேளுங்கள்

போன இதழில், வீட்டில் நல்ல குடும்பத் தலைவனாகவும் வெளியில் குற்றவாளியாகவும் வாழும் பழைய படப் பாத்திரங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. இந்த மாதம் முழுக்க அவற்றுக்கே பதில். மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

டீச்சர், கணவன் கொலைகாரன் என்று தெரிந்து மனைவி இடிந்து நிற்கும்போது படத்தில் நாமும் அழுகிறோம். ஆனால் நம் தாமானில் (குடியிருப்பில்) ஒருவர் பிடிபட்டால், ‘பொண்டாட்டிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்’ என்பதுதான் நம் வாயில் வரும் முதல் வார்த்தை. எது சரி?
– வாசகி, பிறை

நம் வாயில் என்று எழுதினீர்களே, அது என்னைத் தைத்தது. அந்த வார்த்தை என் வாயிலும் வந்திருக்கிறது, பத்து வயதில்.

நான் வளர்ந்தது கெடா மாநிலத்தில், கூலிம் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம். அங்கே ஒரு கிராணி இருந்தார், கணக்கு எழுதுபவர். வெள்ளைக் கால்சட்டை, சட்டைப் பையில் ரெண்டு பேனா. தீபாவளிக்கு லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மத்தாப்பு வாங்கித் தருவார். சாயங்காலம் மகளைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக் கோயில் வரை ஒரு சுற்றுப் போய் வருவார். இந்த மனிதர், வேலைக்கு வருபவர்களின் பெயரை எழுதும் செக்ரோல் ஏட்டில், இல்லாத ஆட்களின் பெயரை எழுதி, அந்தச் சம்பளத்தை எடுத்துக்கொண்டிருந்தார். செத்துப்போனவர்களும், கப்பலேறி ஊருக்குப் போய்விட்டவர்களும் அவருடைய ஏட்டில் மட்டும் தினமும் காலைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். பல வருஷம் நடந்திருக்கிறது. ஒருநாள் போலீஸ் ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது.

மறுவாரம் தோட்டக் கடையில் அவர் மனைவி அரிசி வாங்க நின்றார். வீட்டில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த நான், ‘அக்கா, ஒங்களுக்குத் தெரியாமலா?’ என்று கேட்டுவிட்டேன். கடையில் யாரும் என்னை அதட்டவில்லை. அக்கா பதில் சொல்லவில்லை. அரிசிப் பையின் வாயைச் சணலால் கட்டினார். கட்டியதை அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

இருபது வருஷத்துக்கும் மேலாகி, சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். நான் கேட்காமலே சொன்னார்: ‘அலமாரி மேல ஒரு பிஸ்கட் டின் இருந்துச்சும்மா. மாசக் கடைசியில எறக்குவாரு, எழுதுவாரு, திரும்ப ஏத்தி வச்சிருவாரு. கடன் கணக்குன்னு நெனச்சுக்கிட்டேன். தூசி தட்ட நானே எத்தனையோ தடவ எறக்கியிருக்கேன். தெறந்து பாக்கணும்னு ஒரு நாளும் தோணல.’

பிறை சகோதரி, உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அந்த டின்தான். எல்லாம் தெரிந்தும் மறைத்தாள் என்று ஊர் பேசுகிறது. ஒன்றுமே தெரியாத அப்பாவி என்று முக்கால்வாசிப் படங்கள் காட்டுகின்றன. உண்மை இரண்டிலும் இல்லை. மிகச் சில படங்கள்தான் டின் இருக்கும் உயரம் வரை எட்டிப் பார்த்திருக்கின்றன.

ஹிட்ச்காக் 1943-இல் எடுத்த ‘ஷேடோ ஆஃப் எ டவுட்’ அப்படி ஒன்று. இதில் மறைப்பவர் கணவர் இல்லை, தாய்மாமன். நம் வீடுகளில் தாய்மாமன் என்றால் என்ன இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் சாந்தா ரோசா என்ற சின்ன ஊர். அக்காள் வீட்டுக்கு வந்து இறங்குகிறார் சார்லி மாமா. பணக்கார விதவைகளைக் கொன்று பொருளைச் சுருட்டியவர் என்று போலீஸ் சந்தேகித்துத் தேடும் ஆள். அவர் பெயரையே வைத்துக்கொண்டு, அவர் மேல் உயிரையே வைத்திருக்கும் அக்காள் மகளுக்கு ஒரு மரகத மோதிரம் போட்டுவிடுகிறார். மோதிரத்தின் உள்பக்கம் வேறு யாருடைய பெயரெழுத்துகளோ பொறித்திருக்கின்றன. ஒரு ராத்திரி அந்தப் பெண் நூலகத்துக்கு ஓடிப்போய்ப் பத்திரிகையைப் புரட்டுகிறாள். செத்துப்போன ஒருத்தியின் பெயர் அந்த எழுத்துகளோடு பொருந்துகிறது. அவள் மோதிரத்தைப் பார்க்கிறாள். கேமரா அவளை விட்டு மேலே மேலே போகிறது. அத்தனை பெரிய கூடத்தில் அவள் ஒரு புள்ளியாகி நடந்து வெளியேறுகிறாள். வசனமே கிடையாது.

பிறகு ஒரு விருந்து. மாடிப்படியில் அவள் இறங்கி வருகிறாள், கை கைப்பிடியில் வழுக்கிக்கொண்டே வருகிறது, விரலில் அந்த மோதிரம். வாழ்த்துச் சொல்ல எழுந்த மாமா அதைப் பார்க்கிறார். அடுத்த நொடி, நான் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறேன் என்கிறார். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரில் இரண்டு பேருக்கு மட்டும்தான் அந்த விரல் என்ன சொன்னது என்று புரிகிறது. கடைசியில் மாமாவை நல்லவர் வல்லவர் என்று புகழ்ந்து ஊரே வழியனுப்புகிறது. அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. தம்பி தங்கமானவன் என்றே நினைத்து வாழ்ந்துவிடுவாள். மகள்தான் சுமக்க வேண்டும்.

இன்னொன்று, ஆர்சன் வெல்ஸ் 1946-இல் எடுத்து நடித்த ‘தி ஸ்ட்ரேஞ்சர்’. ஹிட்லரின் ஆள் ஒருவன் அமெரிக்காவில் வாத்தியாராக ஒளிந்து, ஒரு நீதிபதியின் மகளைக் கட்டிக்கொள்கிறான். அவளுக்கு எதைச் சொன்னாலும் நம்ப மறுக்கிறாள். வதை முகாம்களில் எடுத்த நிஜப் படச்சுருளையே போட்டுக் காட்டுகிறார்கள், அப்போதும் அவளால் முடியவில்லை. அவளைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. எனக்கு வருவதில்லை. பக்கத்தில் படுத்து எழுந்த மனிதனை ஒரே ராத்திரியில் கொலைகாரன் என்று மாற்றி எழுத யாரால் முடியும்?

‘அந்த நாள்’ ஓடாத படம் என்கிறார்கள். பாட்டும் இல்லை. பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?
– வாசகர், செந்தூல்

1954-இல் வந்தபோது ஓடவில்லை என்பது சரி. பாட்டு, ஆட்டம், சண்டை எதுவும் இல்லாமல் ஏவிஎம் எடுத்த படம். ‘பாட்டில்லாத படத்துக்கு என்னாத்துக்குக் காசு’ என்று என் அப்பாவே எங்களைக் கூட்டிப் போகவில்லை. பிறகு எண்பதுகளில், இங்கே பினாங்கு லெபோ பாசாரில் ஒரு வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்துத்தான் பார்த்தேன். டேப் தேய்ந்து, திரையின் அடியில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே இரவில் இரண்டு தடவை பார்த்தேன்.

இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். திரைக்கதை வசனம் ஜாவர் சீதாராமன். விசாரிக்க வரும் சிஐடியும் அவரேதான். ஆரம்பித்ததும் ராஜனாக வரும் சிவாஜி குண்டடிபட்டுச் செத்துப்போகிறார். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம் ஆன சிவாஜி! அதற்குப் பிறகு படம் முழுக்க, பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆட்டக்காரி, மனைவி என்று ஆளாளுக்கு ஒரு ராஜனைச் சொல்கிறார்கள். அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ பாலசந்தருக்குத் தந்த பொறி அது. ஆனால் இங்கே எல்லாக் கதையும் ஒரு கதவை நோக்கிப் போகிறது. ராஜன் ரேடியோ என்ஜினியர். தன் ஆராய்ச்சியை யாரும் மதிக்கவில்லை என்ற கசப்பு முற்றிப்போய், யுத்த நேரத்தில் ஜப்பானுக்கு ரகசியம் விற்கிறான்.

எல்லாரும் சிவாஜியைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் ராஜனின் மனைவி உஷாவாக வரும் பண்டரிபாயைப் பார்க்கச் சொல்வேன். கடைசியில் வருவது உஷாவின் கதை. தேசத்தின் மேல் பற்றுள்ளவள், அந்தப் பற்றில் பங்காளி என்று நம்பித்தான் அவனைக் கட்டியிருக்கிறாள். அவன் செய்வது தெரிந்ததும் கெஞ்சுகிறாள், வாதாடுகிறாள். துப்பாக்கி அவள் கைக்கு வந்த பிறகும் அது நடுங்குகிறது. ஏமாந்த மனைவி என்று ஒருத்தியை மூலையில் உட்கார வைத்து அழ விடாமல், கண்டுபிடித்தவள் என்ன பாடுபடுவாள் என்று முழுசாகக் காட்டியது, எனக்குத் தெரிந்து, தமிழில் அந்தப் படம்தான் முதலில்.

ராஜன் துரோகியா? என் தாத்தா நேதாஜியின் படையில் இருந்தவர். ஜப்பான்காரனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்தவர். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.
– வாசகர், பட்டர்வொர்த்

இந்தக் கேள்வியை நம் கடற்கரையில் உட்கார்ந்துதான் கேட்க முடியும் தம்பி. சென்னையில் இருந்து வந்திருக்காது. ஒரு மாதிரி இருந்தது என்றீர்கள், எனக்கும் அப்படித்தான்.

‘அந்த நாள்’ நடக்கும் காலம் 1943 அக்டோபர், சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயம். அதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 10-ஆம் தேதி, அதே சென்னையில் வக்கம் அப்துல் காதர் என்ற இளைஞரை வெள்ளைக்காரன் தூக்கிலிட்டான். அவரோடு வந்தவர்களில் சிலரையும் சேர்த்து. காதர் திருவிதாங்கூர்ப் பக்கத்துப் பிள்ளை, பிழைக்க மலாயா வந்தவர். உளவுப் பயிற்சி பெற்றது இங்கே, பினாங்கில், இந்தியன் சுவராஜ் இன்ஸ்டிடியூட்டில். அதை நடத்தியவர் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன். 1942 செப்டம்பரில் ஜப்பான் நீர்மூழ்கிக் கப்பலில் போய் மலபார் கரையில், தானூரில் இறங்கினார்கள். இறங்கியதும் பிடிபட்டார்கள். இன்று அவர் தியாகி.

ஆகவே ஜப்பானோடு சேர்ந்தது என்பதை மட்டும் வைத்து ராஜனை எடை போட முடியாது. காதரிடமிருந்து ராஜனைப் பிரிப்பது பணம். காதர் கயிற்றை எதிர்பார்த்துத்தான் கப்பலேறினார். ராஜன் வீட்டில் உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டு, மனைவியிடம் நல்ல பிள்ளையாகப் பேசிக்கொண்டு விற்றான். எந்த ஊர்க்காரனின் உயிர் போகும் என்பது அவன் கணக்கில் வரவே இல்லை.

அதையும் நாம் மறக்கக் கூடாது. 1941 டிசம்பர் 11-இல் ஜார்ஜ்டவுனில் ஜப்பான் குண்டு போட்டபோது ஜனங்கள் தெருவில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல்தான் விழுந்தது. என் பெரியம்மா அன்று சூலியா தெருவில் இருந்தார். சாகும்வரை, விமானச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார். உங்கள் தாத்தாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டாம். உஷாவின் கை நடுங்கியதும் நியாயம்தான்.

வில்லன் தன் குடும்பத்தை மட்டும் உண்மையாக நேசிப்பதாக வந்த வெளிநாட்டுப் படம் உண்டா?
– வாசகி, ஈப்போ

சாப்ளினின் ‘மான்சியர் வெர்டூ’, 1947. தொப்பியும் தடியுமாக நாம் பார்த்த சாப்ளின் இதில் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குமாஸ்தா வேலை பார்த்தவரைப் பொருளாதார மந்தம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சக்கர நாற்காலியில் மனைவி, சின்னப் பையன். இவர் ஊர் ஊராகப் போய் வேறு வேறு பெயரில் பணக்கார விதவைகளைக் கட்டிக்கொண்டு, கொன்று, பணத்தைக் கொண்டு வந்து வீட்டை நடத்துகிறார். பத்துப் பெண்களையும் ஒரு பையனையும் கொன்றதாக 1922-இல் பிரான்சில் தலை வெட்டப்பட்ட லாண்ட்ருவின் வழக்குதான் கரு. யோசனை ஆர்சன் வெல்ஸ் தந்தது.

தோட்டத்தில் பூவைப் பறித்துக்கொண்டு வரும் வெர்டூ, பாதையில் ஒரு கம்பளிப்பூச்சியைப் பார்த்து மிதிபடாமல் எடுத்து ஓரமாக விடுகிறார். பின்னால் அடுப்பில் புகை போய்க்கொண்டிருக்கிறது. என்ன எரிகிறது என்று நமக்குத் தெரியும். வீட்டுக்குப் போனால், பூனையின் வாலைப் பிடித்து இழுத்த மகனைக் கண்டிக்கிறார். அவர் நடிக்கிறார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தக் கனிவு நிஜம். அதுதான் இந்தப் படத்தை எனக்குத் தாங்க முடியாததாக ஆக்குகிறது. கிராணி மத்தாப்பு வாங்கித் தந்ததும் பொய் இல்லையே. அந்த மத்தாப்பு வெளிச்சம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஒரு குறையும் சொல்கிறேன். கடைசியில் வெர்டூ நீதிமன்றத்தில் உலகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார், யுத்தத்தில் லட்சக்கணக்கில் கொல்பவர்களை என்ன செய்தீர்கள் என்கிற மாதிரி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாற்காலியில் இருந்த அந்த மனைவி பாதியிலேயே படத்தை விட்டுப் போய்விடுகிறாள். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று சாப்ளின் கேட்கவே இல்லை.

‘புதிய பறவை’ கோபால் நல்லவரா, கெட்டவரா?
– வாசகர், கிள்ளான்

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வருகிற ஆள் என்பதாலேயே நம் ஊர் ஜனங்களுக்குக் கோபால் சொந்தக்காரர் மாதிரி. 1964-இல் படம் வந்ததிலிருந்து இந்தச் சண்டை நடக்கிறது. முதல் மனைவியைக் கோபத்தில் அறைந்தார், அவள் செத்துப்போனாள். அதுவரை விபத்து என்றே வைத்துக்கொள்வோம். பிறகு உடலைத் தண்டவாளத்தில் போட்டுத் தற்கொலை என்று நம்ப வைத்தார். அந்த இடத்தில் அவர் நிம்மதி தேடும் உரிமையை இழந்துவிட்டார். சிவாஜி அழும்போது நாம் சேர்ந்து அழுவதால், சௌகார் ஜானகி நடித்த அந்தப் பெண் செத்தவள் என்பதே பலருக்கு மறந்துபோகிறது. அவள் குடித்தாள், அடங்கவில்லை என்று இன்றும் அவளைத்தான் திட்டுகிறார்கள்.

‘சிகப்பு ரோஜாக்கள்’ பற்றி ஒன்றும் எழுதவில்லையே?
– வாசகர், செபராங் ஜெயா

1978-இல் பாரதிராஜா எடுத்தது. நாலு பேர் மதிக்கும் தொழிலதிபர், தோட்டத்து ரோஜாச் செடிகளுக்கு அடியில் பெண்கள். அந்த வீட்டுக்குள் ஸ்ரீதேவி தனியாக நடந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் பகுதி அபாரம். ஆனால் அவன் இப்படி ஆனதற்குச் சின்ன வயதில் பார்த்த பெண்கள்தான் காரணம் என்று படம் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதனால்தான் எழுதவில்லை.

மலாய்ப் படங்களில் இந்த மாதிரி உண்டா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

நம் பினாங்குப் பிள்ளை பி. ரம்லி இருக்கும்போது ஏன் இல்லாமல்? ‘அனாக்கு சசாலி’, 1956. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பணி மஜும்தார். இங்கே மறைப்பது மகன், நம்பிக்கொண்டே இருப்பது அப்பா. தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்த சசாலி ரவுடியாகிறான். இரண்டு வேடத்திலும் ரம்லிதான். அதற்காக 1957-இல் தோக்கியோ ஆசியத் திரைப்பட விழாவில் விருதும் வாங்கினார். கடைசியில் அப்பாவே போலீசுக்குத் தகவல் சொல்கிறார். போன் பேசும் அந்த முகத்தைப் பாருங்கள். வேறு விளக்கம் வேண்டாம்.

டீச்சர், பெயர் போட வேண்டாம். என் கணவர் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் யாரிடமோ கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறார். அந்தக் கணக்கு வழியாக ஸ்கேம் பணம் ஓடியிருக்கிறது. இப்போது போலீசில் இருக்கிறார். நடுராத்திரியில் அவர் போன் வெளிச்சம் அடிக்கும். யாரு என்று நான் கேட்டதில்லை. மாமியார் வீட்டில் எல்லாரும், ‘உனக்குத் தெரியாமலா’ என்கிறார்கள். மகளுக்கு ஒன்பது வயது. அவளிடம் என்ன சொல்வது?
– பினாங்கு

தங்கச்சி, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கைதான மலேசியர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் வைத்துத்தர தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது, யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான் என்று கேள். போலீஸ் ஸ்டேஷன் நிலையிலிருந்தே வருவார்கள். வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 15999, தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசி. எந்நேரமும் எடுப்பார்கள்.

போன் வெளிச்சத்தைப் பார்த்தும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கிராணி வீட்டு அக்காவும் டின்னைத் தூசி தட்டினார். அதற்குப் பெயர் கூட்டுக் களவு இல்லை. ‘அவரு போன் அடிக்கிறதப் பாத்தேன், என்னான்னு கேக்கல’ என்று மாமியாரிடம் ஒரே தடவை, உள்ளதை உள்ளபடி சொல். அதற்கு மேல் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

மகளிடம் மறைக்காதே. ‘அப்பா தப்பு செஞ்சிட்டாரு, போலீஸ் விசாரிக்கிறாங்க, நீ ஒண்ணும் செய்யல’ என்று சொல். இந்த மூன்றாவதை அவள் நம்பும் வரைக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

கிராணியின் மகளைப் பற்றி மேலே எழுதினேனே, சைக்கிள் முன்கம்பியில் போனவள். அவள் எங்கள் வகுப்பு. ஜீப் வந்த மறுநாளிலிருந்து நீளப் பெஞ்சில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் பக்கத்தில் இருந்தவள் நான். வீட்டில் யாரும் சொல்லாமலே பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனேன். வருஷக் கடைசியில் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போகும்வரை திரும்ப அங்கே போய் உட்காரவில்லை.

உன் மகள் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று எனக்கு எழுது. இதழில் வராது. முப்பத்தொரு வருஷம் இந்தத் தீவில் தமிழ்ப்பள்ளிகளில் வேலை செய்தவள் நான், எந்தப் பள்ளியிலும் எனக்கு ஒரு டீச்சரைத் தெரிந்திருக்கும். அவள் பக்கத்தில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று கேட்டுச் சொல்கிறேன்.